ரூபாய்த் தாளில் நம் மொழி



நாம் வாழும் இப்பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளில் முன்னாளில் சக்கரமும் பணமும் வழங்கின. 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். ஆங்கில ரூபாய்க்கோ 28 சக்கரமும் 8 காசும் எண்ணித் தரவேண்டும்.

பாரதம் விடுதலை பெற்றபின், ரூபாய்த் தாளில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முகம் இருந்த இடத்தில் எதனை வைப்பது என்ற வினா எழுந்தது. காந்தியடிகளின் உருவத்தைப் பொறிக்க முதலில் எண்ணி, வரைபடங்களும் ஆயத்தமாயின. முடிவில் சாரநாத்துச் சிங்கத் தூணே தேர்ந்தெடுக்கப்பெற்று, 1949இல் புதிய ஒரு ரூபாய்த் தாள் வெளிவந்தது. 1954இல் வெளிவந்த ஆயிரம் ரூபாய்த் தாளில் தஞ்சைப் பெரிய கோயில் இடம்பெற்றது. அடிகளின் உருவம் 1969இல் நூற்றாண்டு நினைவாக வந்தது. 1996 முதல் அவர் பெயராலேயே தாள்வரிசை அமைந்தது.

1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுக்காக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. உறவினர் எல்லைக்கு இருபுறமும் ஆயினர். ஆயினும் களியக்காவிளையில் பெற்ற தாள் பாறசாலையிலும் செல்லும். அதன் பின்புறத்தில் 15 மொழிகளில் தொகை எழுதப்பெற்றுள்ளது. ஆங்கில அகரவரிசைப்படி மலையாளம் ஏழாவது, தமிழ் பதின்மூன்றாவது.

அன்பர்களே, அண்மையில் என் பேரனிடம் பத்து ரூபாய்த் தாளொன்றைக் கொடுத்தேன். மலையாள வரியைத் தடையின்றிப் படித்தான். தமிழ் வரியைக் காட்டியதும், அது எம்மொழி என்று என்னையே கேட்டான். வீட்டில் நாள்தோறும் தமிழ் பேசும் பிள்ளை அவன்! குற்றம் அவனுடையதன்று, எழுத்தறிவிக்காத என்னுடையது. அன்று மாலையே அகரம் தொடங்கினோம்.

அரசு நம் மொழிக்குத் தாளில் இடம் தந்துள்ளது. அதைப் படிக்கும் கண்ணை நாம்தான் நம் பிள்ளைகளுக்குத் தரவேண்டும். மலையாளம் இம்மண்ணின் மொழி. அதை அவர்கள் நன்கு கற்கட்டும். தமிழையும் உடன் கற்கட்டும். இன்றிரவு வீடு திரும்பியதும் ஒரு தாளை எடுத்து, இரு வரிகளையும் அவர்களைப் படிக்கச் சொல்லுங்கள். ஒன்றில் தடுமாறினால், நாளையே கற்பிக்கத் தொடங்குங்கள்.