அறிவும் செயலும்

(கழகத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

கல்விக்காகத் தோன்றிய ஒரு கழகத்தின் வெள்ளி விழாவில் காலநிலை மாற்றத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கல்விக் கழகத்திற்கும் வெயிலுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். கல்வியின் பயன் அறிவு. அறிவின் பயன் செயல். ஆனால் அறிவுக்கும் செயலுக்கும் இடையே ஒரு பள்ளம் கிடக்கிறது. அந்தப் பள்ளத்தைத் தாண்டுவது எப்படி என்பதே என் பேச்சின் பொருள்.

முதலில் என் குறையைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டத்தில் நெகிழிப் பைகளின் தீமையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். கைதட்டினார்கள்; துண்டு போர்த்தினார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. வீடு திரும்பும் வழியில் அரைக் கிலோ கறி வாங்கினேன். கடைக்காரர் நெகிழிப் பையில் போட்டுக் கொடுத்தார். நானும் வாங்கிக்கொண்டு வந்தேன். என் தாயார் கையிலிருந்த பையைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டையும் பார்த்தார். "எங்க காலத்துல தூக்குப்போசி எடுத்துட்டுப் போவோம் கண்ணு" என்று மட்டும் சொன்னார். மேடையில் நான் பேசியது பொய்யன்று. எனக்கு அக்கறை இல்லாமலும் இல்லை. கறிக்கடை வாசலில் நின்ற நேரத்தில் என் கையில் போசி இல்லை. நடந்தது அவ்வளவுதான்.

நண்பர்களே, இந்தப் பள்ளம் நம் சமுதாயத்திற்குப் புதிதன்று. 1950-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதன் பின்னரும் மேடையில் சமத்துவம் பேசிவிட்டு, தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்திருந்ததைக் கண்டும் வாய்மூடிச் சென்றவர்கள் எத்தனை பேர்! நல்லெண்ணம் தானாக நற்செயலாகிவிடாது என்பதை நம்மைவிடப் பட்டறிந்தவர் யார்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற பழமொழியை நாம் வாழ்ந்தே கற்றிருக்கிறோம்.

எண்ணம் ஏன் செயலாவதில்லை? மனத்தை ஆராய்ந்த அறிஞர்கள் இதற்குச் சில விடைகள் கண்டிருக்கிறார்கள். 1965-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மாணவர்களிடம் லெவன்தால் என்பவரும் அவருடைய துணைவர்களும் ஓர் ஆய்வு நடத்தினர். ரண ஜன்னியின் கொடுமையை விளக்கும் சிறு நூலைக் கொடுத்து, தடுப்பூசி போட்டுக்கொள்ளுமாறு வேண்டினர். படித்தவர்களுக்கு அச்சமும் வந்தது; ஊசி நல்லது என்ற எண்ணமும் வந்தது. ஆனால் போட்டுக்கொண்டவர்கள் நூற்றுக்கு 3 பேரே. வேறொரு பகுதியினருக்கு மருத்துவ நிலையத்தைக் குறித்த ஒரு வரைபடத்தையும் கொடுத்து, 'இந்த வாரத்தில் என்று, எந்த வேளையில் போவீர்கள்?' என்று எண்ணிப் பார்க்கச் செய்தனர். அவர்களில் நூற்றுக்கு 28 பேர் போட்டுக்கொண்டனர். கூடுதலாகக் கொடுக்கப்பட்டது அச்சமன்று, இடமும் நேரமும்தான். பிற்காலத்தில் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலறிஞர் இந்த உண்மையை விரித்துரைத்தார். 'செய்வேன்' என்று உறுதி கொள்வதைவிட, 'இன்ன வேளை வந்ததும் இன்னதைச் செய்வேன்' என்று உறுதி கொள்வது வலிமையுடையது என்பது அவர் கண்ட முடிவு.

இரண்டாவது உண்மை, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெளிப்பட்டது. இறைச்சித் தட்டுப்பாடு நேர்ந்தபோது இதயம், சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்புகளை அமெரிக்கக் குடும்பத்தினரை உண்ணச் செய்ய அரசு விரும்பியது. நம் வீடுகளில் குடலும் ஈரலும் விருந்து. அவர்களோ அவற்றை இழிவாக எண்ணினர். கர்ட் லெவின் என்ற அறிஞர் சில பெண்கள் குழுக்களுக்குச் சொற்பொழிவு ஏற்பாடு செய்தார். வேறு சில குழுக்களில் பெண்களையே கலந்து பேசி, முடிவில் எல்லோர் முன்னிலையிலும் கைதூக்கச் செய்தார். சொற்பொழிவு கேட்டவர்களில் நூற்றுக்கு 3 பேரே சமைத்தனர்; கூடிப் பேசி முடிவெடுத்தவர்களிலோ நூற்றுக்கு 32 பேர் சமைத்தனர். சொற்பொழிவாளனாகிய எனக்கு இது சற்று வருத்தம் தரும் செய்திதான். எனினும் உண்மையை மறைக்கலாகாது.

இடம், நேரம், உடன்வரும் கூட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் எண்ணம் செயலாகிறது. இதைக் கற்க நாம் அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. மகாத் நகரை நினைத்துப் பாருங்கள். பொது நீர்நிலைகளைத் தாழ்த்தப்பட்டோருக்குத் திறந்துவிடும் தீர்மானத்தை எஸ்.கே. போலே 1923-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார், அது நிறைவேறியது. மகாத் நகராட்சியும் 1924-இல் சவதார் குளத்தைத் திறந்துவிடத் தீர்மானித்தது. தீர்மானங்கள் தாளில் உறங்கின. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் அணிவகுத்துச் சென்று அந்தக் குளத்து நீரை அள்ளிப் பருகினார். நாள் குறிக்கப்பட்டிருந்தது, இடம் குறிக்கப்பட்டிருந்தது, தனியொருவர் அஞ்சியிருக்கக்கூடிய செயலைக் கூட்டம் செய்தது. அதற்காக அடியும் பட்டது. அந்த உரிமைப் போரை நம் வீட்டுக் குப்பைத்தொட்டிக்கு நிகராக நான் வைக்கவில்லை. தீர்மானம் எவ்வாறு செயலாகிறது என்ற பாடத்தை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்வோம் என்கிறேன்.

இங்கே ஓர் இளைஞர் எழுந்து கேட்கலாம்: 'ஐயா, உலகைச் சூடாக்கியவர்கள் நாமா? காரும் குளிர்சாதனமும் யாரிடம் இருக்கின்றன? நாங்கள் ஏன் திருந்த வேண்டும்?' நேர்மையான கேள்வி. ஓர் அமெரிக்கர் ஆண்டொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 14 டன் கரியமில வாயு வெளிப்படக் காரணமாகிறார். ஓர் இந்தியர் ஏறத்தாழ 2 டன். அந்த 2 டன்னிலும் நம் தெருவின் பங்கு மிகக் குறைவு. ஆகவே குற்றவாளிக் கூண்டில் நாம் நிற்கத் தேவையில்லை. ஆனால் வெப்பம் வரும்போது யாரை முதலில் வாட்டுகிறது? லீ பஜாரில் மூட்டை சுமப்பவரை; கட்டடத்தில் சித்தாள் வேலை செய்யும் பெண்ணை; விடியுமுன் தெருக் கூட்டத் தொடங்கி உச்சி வெயில்வரை நிற்கும் தூய்மைப் பணியாளரை; தகரக் கூரையின் கீழ்த் தேர்வுக்குப் படிக்கும் மாணவியை. தவறு பிறருடையது, துன்பம் நம்முடையது என்பது பழைய கதை. அக்கதையை மாற்ற நாம் செய்ய வேண்டியவை இரண்டு. கேட்க வேண்டியதைக் கேட்பது ஒன்று. நம் கையில் உள்ளதைச் செய்வது மற்றொன்று.

நம் கையில் உள்ள ஒன்றைச் சொல்கிறேன். அது குப்பை. இந்தச் சொல்லைக் கேட்டதும் சிலர் முகம் சுளிக்கலாம். 'தலைமுறை தலைமுறையாக ஊர்க் குப்பையை நம் தலையில் சுமத்தினார்கள். படித்து வெளியே வந்த பிறகும் குப்பையா?' என்ற மனக்கசப்பு நியாயமானது. நான் அதை மதிக்கிறேன். ஆனால் எண்ணிப் பாருங்கள். சோற்றையும் நெகிழியையும் உடைந்த கண்ணாடியையும் ஒரே பையில் கட்டி எறிந்தால், அதைப் பிரிக்கும் கை யாருடைய கை? பெரும்பாலும் நம் உறவினரின் கை. படித்தவன் தன் வீட்டுக் குப்பையைத் தானே பிரித்துக் கொடுப்பது இழிவன்று. இன்னொருவரை அந்த இழிவிலிருந்து காப்பது. ஒவ்வொரு சாதியினரும் தத்தம் வீட்டில் பிரித்துத் தர வேண்டும் என்று உரத்துக் கேட்கும் உரிமையும் அப்போது நமக்கு வரும்.

இதற்கும் காலநிலைக்கும் தொடர்பு உண்டு. சேலத்தில் எருமாபாளையத்திலும் செட்டிச்சாவடியிலும் ஆண்டுக்கணக்கில் குப்பை மலையாகக் குவிக்கப்பட்டதை நாம் அறிவோம். காற்றுப் புகாமல் புதையும் சோறும் காய்கறிக் கழிவும் அழுகி மீத்தேன் வாயுவை வெளியிடுகின்றன. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தை ஏற்றக்கூடியது. அதே கழிவு காற்றுப் படும்படி மக்கினால் உரமாகும். வீட்டிலேயே பிரித்துத் தர வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் பணித்தன. நெகிழிப் பைகளுக்கு நம் மாநிலத்தில் 2019 சனவரி முதல் நாளிலிருந்து தடை வந்தது. 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தையும் தொடங்கியது. சட்டம் இருக்கிறது, விளம்பரம் இருக்கிறது, செயல் மட்டும் பாதி வழியில் நிற்கிறது.

பாதி வழியில் நிற்பதற்கு மக்களின் சோம்பல் மட்டுமே காரணமன்று. பிரித்துக் கொடுத்த குப்பையை வண்டியில் ஒன்றாகக் கொட்டுவதை ஒருமுறை கண்டால், மறுநாள் பிரிக்க மனம் வராது. தன் செயலால் பயனில்லை என்று தோன்றியதும் மனிதன் கை ஓய்ந்துவிடுகிறது. அதனால்தான் செயலோடு கோரிக்கையும் சேர வேண்டும் என்றேன். பத்து வீடுகள் பிரித்துக் கொடுத்தால் பேச்சு எடுபடாது. தெரு முழுவதும் பிரித்துக் கொடுத்து, தனித்தனிப் பெட்டியுள்ள வண்டியும், பணியாளர்க்குக் கையுறையும் காலணியும் கேட்டு மாநகராட்சியிடம் மனுக் கொடுத்தால் எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.

கூட்டுச் செயலுக்கு நம் ஊரிலேயே சான்று உண்டு. கன்னங்குறிச்சி மூக்கனேரி சீர்கெட்டுக் கிடந்தபோது, 2010-ஆம் ஆண்டையொட்டிச் சேலம் மக்கள் குழுவினர் பொதுமக்களின் துணையோடு அதைச் சீரமைத்தனர். தூர்வாரிய மண்ணைக் கொண்டே ஏரிக்குள் திட்டுகள் அமைத்து மரம் நட்டனர். பறவைகள் வந்தன. ஏரிக்காக வருந்தியவர்கள் அதற்கு முன்பும் பலர் இருந்திருப்பார்கள். மண்வெட்டியோடு ஓரிடத்தில் கூடிய பிறகே ஏரி மாறியது.

இனி நம் செயலுக்கு வருவோம். மூன்று செயல்களை முன்மொழிகிறேன். ஒன்று: வீட்டு நிலைப்படிக்கு அருகில் ஓர் ஆணி அடித்து அதில் துணிப்பையையும் தூக்குப்போசியையும் மாட்டுங்கள். 'செருப்பை மாட்டும்போது பையை எடுப்பேன்' என்பதே உறுதிமொழி. நினைவை நம்பாதீர்கள், ஆணியை நம்புங்கள். இரண்டு: அடுப்படியில் இரண்டு வாளிகள். இரவுச் சமையல் முடிந்ததும் ஈரக் கழிவு ஒன்றில், உலர்ந்தது மற்றொன்றில். மூன்று: பழைய மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் இழுக்கிறது, புதிய வகை ஏறத்தாழ 30 வாட்டில் ஓடுகிறது. நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 27 யூனிட் மிச்சம். விலை கூடுதலாதலால் ஏழை வீடுகளுக்கு இதைக் கட்டளையாகச் சொல்ல மாட்டேன். முதலில் நம் கழகப் படிப்பகத்தில் மாற்றுவோம். கட்டணச் சீட்டைச் சுவரில் ஒட்டுவோம். கண்ணால் கண்டவர்கள் காதால் கேட்டவர்களைவிட விரைவில் நம்புவார்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஒரு மரக்கன்றை நட்டுப் புகைப்படம் எடுத்துக்கொண்டதும், கடமை முடிந்தது என்று மனம் நம்மை ஏமாற்றும். எனவே மாதந்தோறும் முதல் ஞாயிறு மாலை படிப்பகத்தில் கூடி, எந்தத் தெருவில் எத்தனை வீடுகள் பிரித்துக் கொடுத்தன என்று எண்ணிக் கரும்பலகையில் எழுதுவோம். யாரையும் பழிப்பதற்காக அன்று. விட்டவர்கள் ஏன் விட்டார்கள் என்று கேட்டறிவதற்காக.

லெவின் கண்ட உண்மையை மதித்து, நீண்ட பேச்சை இத்துடன் நிறுத்துகிறேன். இனிப் பேச வேண்டியவர்கள் நீங்கள். பத்துப் பத்துப் பேராக அமர்ந்து, கால் மணி நேரம் கலந்து பேசுங்கள். செய்ய முடியாது என்று தோன்றுவதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். முடியும் என்பவர்கள், எந்த நாளில் தொடங்குவீர்கள் என்று உங்கள் அருகில் இருப்பவரிடம் சொல்லிக் கைதூக்குங்கள். முதற்கை என் கையாக இருக்கட்டும். வரும் ஞாயிறு காலை, கறிக்கடைக்குப் போசியோடு போகிறேன். என் தாயாரே சாட்சி.