எலும்பில்லா உயிர்கள்
(தாம்பரம் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



பிராணி என்றதும் மாடு, நாய், யானைதான் நமக்கு ஞாபகம் வருகின்றன. ஆனால், இதுவரை கண்டறியப்பட்ட பிராணி வகைகளில் 100-க்கு 95-க்கு மேல் முதுகெலும்பே இல்லாதவை. மழை விட்ட மறுநாள் சேலையூர் ஏரிக்கரையிலும், பிறகு கோவளம் கடற்கரையிலும் நடந்தால் பலவற்றைப் பார்க்கலாம்.

இவைகளைப் பெயரைக் கொண்டு பிரித்தால் ஏமாந்து போவோம். அட்டையும் மரவட்டையும் ஒன்று என்று பெயர் சொல்லும். உடல் அப்படிச் சொல்லாது. ஆகவே ஆராய்ச்சிக்காரர்கள் உடலமைப்பைக் கொண்டே பிரிக்கிறார்கள்.

கடற்பஞ்சுக்கு வாயே இல்லை, உடலெங்கும் துளை. துளை வழியே வரும் நீரில் உள்ளதே இரை. சொறிமுட்டைக்கு உடல் ஒரு பை. தின்பதும் கழிப்பதும் ஒரே வழி. பவளத்தை உண்டாக்கும் உயிரும் இந்த இனமே. மண்புழுவும் அட்டையும் வளையம் வளையமான மெல்லுடல், காலில்லை. நண்டு, இறால், தேள், சிலந்தி, மரவட்டை, கரப்பான் இவைகளுக்கு ஓடு வெளியே, சதை உள்ளே, காலில் மூட்டு. ஓடு கூடவே வளராது; ஆகையால் அதைக் கழற்றிப் போட்டுப் புதிது உண்டாக்கிக்கொள்ளும். காலை எண்ணினால் உட்பிரிவும் தெரியும்: பூச்சிக்கு 6, சிலந்திக்கு 8, நண்டுக்குக் கொடுக்கையும் சேர்த்து 10. நட்சத்திரமீன் மீனே அல்ல. பெரும்பாலும் ஐந்து பங்கான உடல், நீர் நிரம்பிய குழாய்க் கால்கள்.

இனி நத்தை. மெல்லுடல், தவழ ஒரு சதைக்கால், மேலே போர்வைபோல் ஒரு தோல். அத்தோல் கசியவிடும் சுண்ணாம்பே ஓடு. கிளிஞ்சலும், முத்துச்சிப்பியும், கணவாயும் இந்த இனந்தான். கோவிலில் ஊதும் சங்கு எது? கடல் நத்தையின் ஓடு! பெருமாளென்று பூஜிக்கும் சாளக்கிராமம் எது? நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைப்பது. கணவாய்க்கு உறவான, பல கோடி வருஷங்களுக்கு முன் மாண்ட ஒரு பிராணியின் கல்லாய்ப்போன சுவடு!

தோழர்களே! வயலில் நத்தை பொறுக்கித் தின்னும் ஏழையைக் கீழானவன் என்று தள்ளிய கைதான், சங்கிலே தீர்த்தம் எடுத்து அபிஷேகம் செய்கிறது. சதை தீட்டு, ஓடு புனிதம் என்றால், அந்தப் பேதம் நத்தையிடம் இருக்கிறதா, நம் மூளையில் இருக்கிறதா? நாமும் பள்ளிக்கூடம் போன சில வருஷங்களில், வீட்டில் நத்தைக்கறி ஆக்கியதை வெளியே சொல்லாமல் மறைத்தோம். மறைத்ததற்காக இன்று வெட்கப்படுகிறோம்.

நண்டையும் நத்தையையும் வேறு வேறு இனமென்று பிரிக்க உடலில் ஆதாரம் இருக்கிறது. மனிதனை மேல், கீழ் என்று பிரிக்க உடலில் ஓர் ஆதாரமும் இல்லை. மனிதர் அனைவரும் ஒரே இனம்.

நாம் சொன்னதற்காக இதை நம்பவேண்டாம். அடுத்த மழைக்குப் பிள்ளைகளை ஏரிக்கரைக்கு அழைத்துப் போங்கள். கால்களை அவர்களே எண்ணட்டும்.