ஆங்கில வினையடையும் நமது உம்மையும்



ஆங்கில வினையடை பற்றிச் சிறிது பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்களும் இங்கிருக்கின்றனர். ஆதலின் வகைகளையெல்லாம் அடுக்காமல், நாம் இடறும் இடங்களை மாத்திரம் பார்ப்போம்.

தமிழில் 'வேகம்' என்பதோடு 'ஆக' சேர்த்தால் வினையடை வந்துவிடுகிறது. ஆங்கிலத்திலும் 'லி' சேர்த்தாற் போதுமென்று நம் பிள்ளைகள் எண்ணிவிடுகின்றனர். 'குவிக்', 'குவிக்லி' என்பதில் அது சரி. 'ஹார்ட்' என்பதோ தானே வினையடையாகவும் நிற்கும். 'ஹார்ட்லி' என்றால் 'அரிதாக' என்று பொருள் மாறிவிடும். கடுமையாக உழைத்ததைச் சொல்லவந்து, விண்ணப்பத்தில் 'ஹார்ட்லி' என்றெழுதும் இளைஞர், தாம் வேலையே செய்யவில்லை என்று தமக்கெதிராகத் தாமே சாட்சி சொன்னவராவார். அவ்வாறே, பெரட்டுக்குப் பிந்தி வந்தவர் 'லேட்' ஆக வந்தவர். 'லேட்லி' என்றால் அண்மையில் வந்தவர்.

இனி, நிற்கும் இடம். 'நேற்றுப் பலாங்கொடையில் நன்றாகப் பேசினார்' என்று காலம், இடம், விதம் என அடுக்குகிறோம். ஆங்கிலத்தில் இது பெரும்பாலும் கண்ணாடியிற் கண்டதுபோலத் திரும்பிவிடும்: 'ஹீ ஸ்போக் வெல் இன் பலாங்கொடை யெஸ்டர்டே'. 'ஆல்வேய்ஸ்' போன்றவை வினைக்கு முன்னும், துணைவினை இருந்தால் அதற்குப் பின்னும் வரும்.

நாம் அதிகம் சிந்திக்க வேண்டியவை 'ஒன்லி', 'ஓல்சோ' என்னும் இரண்டுமே. நன்னூல் கற்ற பெரியோர்க்கு இவை புதியனவல்ல. முன்னது பிரிநிலை ஏகாரம், பின்னது எச்சவும்மை. தமிழில் இவை தாம் தழுவும் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் தனியே நடமாடும். 'ஒன்லி ஷீ பிளக்ட் டீ' என்றால் வேறெவரும் கொழுந்து பறிக்கவில்லை. 'ஷீ பிளக்ட் ஒன்லி டீ' என்றால் அவர் வேறெதையும் பறிக்கவில்லை.

1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டத்தை நாடு முழுவதும் 'ஒன்லி' என்ற சொல்லாலேயே அறிந்தது. சட்டத்தின் நீண்ட தலைப்பில் இருந்ததோ 'ஒரே' எனப் பொருள்படும் 'வன்'. 1987ல் 13ஆம் திருத்தம் வந்தபோது, தமிழ் 'ஷேல் ஓல்சோ பீ' அரசகரும மொழி என்று எழுதப்பட்டது. 'ஷேல்' துணைவினை, 'பீ' வினை. நடுவே, நாம் சொன்ன விதிப்படியே, 'ஓல்சோ'. ஏகாரம் உம்மையாக முப்பத்தோராண்டுகள் சென்றன! உம்மை என்றால் முன்னே வேறொன்று நிற்கிறதென்பதும் பொருள்தான். இதைக் குறையென்போரும் உளர். விலக்கும் சொல்லினும் சேர்க்கும் சொல் மேலென்றே நாம் கொள்கிறோம். ஆயினும் அந்த உம்மையை எல்லாக் கந்தோர்களிலும் காண முடிகிறதா என்பதை, படிவம் நிரப்பச் சென்றுவந்தவர்களே சொல்லட்டும்.

விண்ணப்பம் எழுதி வைத்திருக்கும் தம்பிமாரும் தங்கைமாரும் கூட்டம் முடிந்ததும் அதை மேசைக்குக் கொண்டுவாருங்கள். 'ஹார்ட்லி' இருக்கிறதா என்று சேர்ந்தே பார்ப்போம்.