வழிநூலாக ஒரு கார்



இலக்கியத்துக்கென்று ஒதுக்கப்பட்ட இந்த நேரத்தில் நான் இன்று ஒரு காரைப் பற்றிப் பேசப்போகிறேன். வானொலியை நிறுத்திவிடாதீர்கள். பள்ளிக்கூடத்தில் பல வருடங்கள் நன்னூல் படிப்பித்த எனக்கு, வழிநூல் என்றால் என்னவென்று உண்மையில் விளங்கவைத்தது அந்தக் கார்தான்.

யாழ்ப்பாணத்தாருக்கு ஒஸ்ரின் ஏ நாற்பதை அறிமுகம் செய்யத் தேவையில்லை. 1947இல் வெளிவந்தது டெவன். 1952இல் அதன் இடத்துக்கு வந்தது சோமசெற். 1,200 சீ.சீ. எஞ்சின், ஏறத்தாழ நாற்பது குதிரைவலு. பெயரில் உள்ள நாற்பது அதுதான். பொம்பிளை மாப்பிள்ளையை ஏற்றவும், பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடவும், செத்தவீட்டுக்கு ஆட்களைக் கொண்டுபோகவும் எங்கள் ஊர்களில் அந்தக் கார்களே நெடுங்காலம் உழைத்தன. எட்டுப் பேர் நெருக்கி இருந்து நல்லூர்த் தேருக்குப் போன காரை யாரும் அழகுப் பொருளாக நினைத்ததில்லை. பசுமாட்டைப் போல அது வீட்டுக்கு உதவுகிற ஒன்று.

எங்கள் ஒழுங்கை முகப்பில் கராச் வைத்திருந்த அண்ணை ஒருவர் மட்டும் வேறுவிதமாக நினைத்தார். கடையில் ஆணி சுற்றிக் கொடுத்த பழைய ஆங்கிலச் சஞ்சிகைத் தாள் ஒன்றில் அவர் ஒரு படத்தைக் கண்டார். மேலே கூரையில்லாத, நீண்ட மூக்குள்ள கார். தாளை நீவி மடித்து என்னிடம் கொண்டுவந்து, "மாஸ்ரர், இதில என்ன எழுதிக் கிடக்குது?" என்று கேட்டார். வாசித்துச் சொன்னேன். அது ஏ நாற்பது ஸ்போர்ட்ஸ். 1950 முதல் 1953 வரை, ஜென்சன் என்ற கம்பனி அலுமினியத்தில் உடலைச் செய்துகொடுக்க, ஒஸ்ரின் கம்பனி விற்ற திறந்த கார். மொத்தம் ஏறத்தாழ 4,000தான் செய்தார்கள். 1951இல் அதில் ஒன்று, இடையிடையே விமானத்தில் ஏறி, 21 நாளில் உலகத்தைச் சுற்றிவந்தது.

அண்ணைக்கு உலகப் பயணம் பெரிதாகப் படவில்லை. "அப்ப உதுக்குக் கீழ இருக்கிறது எங்கட ஏ நாற்பதுதானே?" என்றார். ஆமாம் என்றேன். இரண்டாவது கார்புறேற்றர் ஒன்று கூடுதலாக இருந்தது. மற்றபடி அதே குடும்பத்து எஞ்சின், சில மாற்றங்களோடு அதே அடிச்சட்டம். படத்தை அவர் கராச்சின் சுவரில், முருகன் படத்துக்குக் கீழே ஒட்டினார். அது அங்கே பத்து வருடத்துக்கு மேல் இருந்தது.

பிறகு 1990 வந்தது. மின்சாரம் போயிற்று, பெற்றோல் போயிற்று, இரும்பும் சீமெந்தும் பற்றரியும் தடைப்பட்ட பொருள்களாயின. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. இப்போது என் குரலைக் கேட்கிற பலர் அப்படிக் கேட்டவர்கள்தான். கராச் முற்றத்தில் யப்பான் கார்கள் தூசி படிந்து நிற்க, கிழட்டு ஒஸ்ரின்களும் மொரிஸ்களும் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. மண்ணெண்ணெய் இலேசில் ஆவியாகாது. எஞ்சினின் அமுக்கம் கூடினால் உடனே தட்டும். பழைய எஞ்சின்களில் அமுக்கம் குறைவு, ஆகவே அவை பொறுத்துக்கொண்டன. சிறிய போத்தலில் இருக்கும் பெற்றோலைக் கொஞ்சம் விட்டுக் கிளப்பி, எஞ்சின் சூடேறியதும் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அண்ணை எண்ணெய்க் குழாயைப் புகைபோக்கியில் இரண்டு சுற்றுச் சுற்றி அங்கேயே சூடாக்கினார். றேடியேற்றரின் பாதியைச் சாக்கால் மூடினார். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் எண்ணெயைத் தண்ணீராக்கியது. கார் போன வழியெல்லாம் வெள்ளைப் புகை நின்றது. ஆனாலும் கார் போயிற்று.

பாகங்கள் தேய்ந்தபோது கடைச்சல் பட்டறையில் புதிதாகக் கடைந்தார்கள். ரயர்த் துண்டில் றப்பர் வெட்டினார்கள். ஒரு காரின் கதவு இன்னொன்றுக்குப் போனது, மூன்றாவதன் பல்லுச்சில்லு முதலாவதற்கு வந்தது. அந்த ஐந்து வருடத்தில் எங்கள் ஊர்க் கார்கள் ஒவ்வொன்றும் தன்னுடைய நகலாகத் தானே மாறிக்கொண்டிருந்தது என்று சொல்லலாம். பெயர்ப்பலகை மட்டும் இங்கிலாந்து.

1993இல், தென்னை விழுந்து கூரை நசுங்கிய ஒரு சோமசெற் கராச்சுக்கு வந்தது. உடையவர் அதைப் பழைய இரும்பு விலைக்கே விட்டுவிட்டார். அன்றிரவு அண்ணை சுவரில் இருந்த படத்தைக் கழற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

திறந்த கார் என்றால் கூரையை வெட்டிவிடுவதுதானே என்று நான் நினைத்தேன். அப்படியல்ல. கூரையும் தூண்களும் ஒரு பெட்டியைப் போலக் காரைப் பிடித்து நிற்கின்றன. மொரிஸ் மைனரைப் போல உடலே சட்டமாக உள்ள காரில் கூரையை அறுத்தால், நடு வளைந்து கதவு பூட்டாமற் போகும். கம்பனியே தன் திறந்த மைனருக்கு உள்ளே கூடுதல் இரும்பு வைத்துத்தான் விற்றது. ஏ நாற்பதுக்கு அடிச்சட்டம் தனியே இருப்பதால் பிழைத்தோம். அப்படியும் முன்கண்ணாடியின் அடியில் குறுக்கே ஒரு இரும்புக் குழாயை ஒட்டினார். இல்லாவிட்டால் ஒவ்வொரு குழியிலும் கண்ணாடி தலையாட்டும்.

அளவு எங்கே? வரைபடம் இல்லை, உள்ளங்கையளவு படம் ஒன்றே இருந்தது. அங்கேதான் என் உதவி தேவைப்பட்டது. சில்லின் அளவு எங்களுக்குத் தெரியும். இரண்டு காருக்கும் 16 அங்குல வளையம். படத்திலுள்ள சில்லை அளந்து, அதையே அடிமட்டமாக வைத்து, கதவு எவ்வளவு, மூக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்த்தோம். விளக்குத் திரியைக் கூட்டிவைத்துக்கொண்டு ஒரு மாதம் அந்த வேலை நடந்தது. படம் சற்றுச் சாய்வாக எடுக்கப்பட்டிருந்ததால் பின்பக்கம் நாங்கள் நினைத்ததைவிட நீளம் என்பது பிறகுதான் தெரிந்தது.

அலுமினியத்துக்கு வழியில்லை. தார்ப் பீப்பாக்களை வெட்டி விரித்து, மண் நிரப்பிய சாக்கின்மேல் வைத்து, மரச் சுத்தியலால் நாட்கணக்கில் தட்டி வளைவெடுத்தார். தகட்டைத் தாங்க ஒரு மரச்சட்டம் வேண்டும். அதற்கு வண்டில் செய்கிற தச்சர் ஒருவர் வந்து, பூவரசிலும் வேம்பிலும் செய்துகொடுத்தார். கார் உடலுக்கு மரமா என்று நான் முகம் சுளித்தேன். எனக்குத் தெரியாதது, 1945 முதல் 1949 வரை எம்.ஜீ. கம்பனி செய்த புகழ்பெற்ற ரீ.சீ. என்ற திறந்த கார் 10,000த்துக்கும் உள்ளே மரச்சட்டம்தான். எங்கள் ஊரில் கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் ஓடிய தட்டிவான்களின் உடலும், 1938இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்தைத் தொட்ட வல்வெட்டித்துறைக் கப்பல் அன்னபூரணியும் எங்கள் தச்சர்களின் கைவேலை. அவர்களுக்கு ஒரு கார் பெரிய காரியமில்லை.

எங்களுக்குள் சண்டை வந்தது வேறு விடயத்தில். அண்ணை படத்தை விட்டு விலகத் தொடங்கினார். எங்கள் ஒழுங்கைக் குழிகளுக்காக உடலைச் சற்று உயர்த்தினார். சேறு தெறிக்காமல் மட்காட்டை அகட்டினார். கூரை போய்ப் பாரம் குறைந்ததால் பின்பக்கம் தூக்கி நின்றது. வில்லுத்தகட்டில் ஒன்றைக் கழற்றினார். இரட்டைக் கார்புறேற்றர் மண்ணெண்ணெய்க்குச் சரிவராது என்று ஒன்றோடு நிறுத்தினார். எனக்குக் கோபம். "அசலைப் போல இல்லாட்டி ஏன் செய்ய வேணும்?" என்றேன். அவர் சுத்தியலை வைக்காமலே, "மாஸ்ரர், படத்துக்காரன்ர றோட்டில இது ஓடப்போறேல்லை. எங்கட றோட்டில ஓட வேணும். ஓடாட்டி அது கார் இல்லை, படம்தான்" என்றார்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்தது என்ன? வழிநூல் முதல்நூலின் கருத்தோடு பொருந்தவேண்டும். அதே நேரம் பின்னால் வருகிறவன் தனக்கு வேண்டிய வேறுபாட்டைச் சேர்க்கலாம். ஆனால் மரபு அழியக்கூடாது. நன்னூல் சொல்வதன் சாரம் இது. தொல்காப்பியம் இன்னும் பழையது. தொகுத்தல், விரித்தல், இரண்டும் சேர்ந்த தொகைவிரி, மொழிபெயர்த்தல் என்று அது வழிநூலை நாலு வகையாக்கி, மொழிபெயர்ப்பையும் அந்த வரிசையிலேயே வைக்கிறது. வால்மீகியை வைத்துக்கொண்டு கம்பன் செய்தது என்ன என்று மேடையில் மணிக்கணக்கில் பேசியவன் நான். அந்த உரிமையை ஒரு கராச்சுக்காரருக்கு மட்டும் கொடுக்க மறுத்துவிட்டேன்.

பிற்காலத்தில் இதைப் பற்றி வாசித்தபோது, உலகம் முழுவதும் இந்த வழக்கு நடப்பதை அறிந்தேன். 1957இல் கொலின் சப்மன் வெளியிட்ட லோட்டஸ் செவனைப் பார்த்து, வீட்டுக் கொட்டிலில் பழைய கார்ப் பாகங்களைக் கொண்டு தாங்களாகவே செய்கிறவர்கள் அநேகர். 250 பவுணுக்குள் அப்படி ஒன்றைச் செய்யலாம் என்று 1996இல் இங்கிலாந்தில் ஒருவர் புத்தகமே எழுதினார். கரோல் செல்பியின் கோப்ரா ஏறத்தாழ ஆயிரம்தான் பிறந்தது. அதன் நகல்களோ பல மடங்கு. ஜாகுவார் கதை இன்னும் விசித்திரம். 1957 பெப்ரவரியில் அவர்களுடைய தொழிற்சாலை தீப்பிடித்து எக்ஸ்.கே.எஸ்.எஸ். என்ற கார்களில் ஒன்பது அழிந்தன. ஏறத்தாழ அறுபது வருடம் கழித்து, 2016இல், அந்த ஒன்பதையும் மீண்டும் செய்யப்போவதாகக் கம்பனியே அறிவித்தது. அவை அசலா, நகலா?

தீயில் போனதை மீண்டும் எழுப்புவது பற்றி எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1981இல் எரிந்த எங்கள் நூலகம் பழைய முகத்தோடு எழுந்து 2003இல் மீண்டும் திறந்தது. உள்ளே இருந்த ஏட்டுச்சுவடிகளுக்கு நகல் இல்லை. இதற்குமேல் அதைப் பற்றி நான் இங்கே பேசவில்லை.

கார் 1995 தொடக்கத்தில், சண்டை நின்றிருந்த சில மாதங்களில், ஓடியது. கூரைக்கான கன்வஸ் துணி மட்டும் கிடைக்கவில்லை. ஒரு பின்னேரம் என்னை ஏற்றிக்கொண்டு கோண்டாவிலில் இருந்து நல்லூருக்குப் போனார். வெள்ளைப் புகைக்குள் பிள்ளைகள் கத்திக்கொண்டு பின்னால் ஓடிவந்தார்கள். தலைக்கு மேலே பனை வட்டுகள் பின்நோக்கிப் போவதை முதன்முதலாகக் கண்டேன். கதவின் வளைவு படத்திலிருப்பது போல இல்லைத்தான். அது என் ஞாபகத்துக்கே வரவில்லை.

அதே வருடம் ஒக்ரோபர் 30. வலிகாமம் முழுவதும் ஓரிரவில் எழும்பி நடந்தது. மழை. அண்ணையின் தாயாருக்கு நடக்க இயலாது. அந்த இரண்டு இருக்கைக் காரில் ஆச்சியை இருத்தி, காலடியில் சட்டிபானையும் பின்னால் அரிசி மூட்டையும் வைத்தார். சனத்துக்குள் எஞ்சினை ஓட்ட முடியாது. இருந்த ஒன்றரைப் போத்தல் மண்ணெண்ணெயையும் வீணாக்க மனமில்லை. அவர் வெளியே நின்று ஒரு கையால் ஸ்ரியறிங்கைப் பிடிக்க, நானும் அவருடைய மகனும் பின்னால் தள்ளினோம். விரைவுக்கென்று பிறந்த வடிவம் அது. நாவற்குழிப் பாலத்தைக் கடக்க எங்களுக்கு விடியும்வரை எடுத்தது. ஆச்சி இரவு முழுவதும் தன் தலைக்கு மேலே ஒரு கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். "மேல மூடியில்லாத காரைச் செய்திருக்கிறான் விசரன்" என்று இரண்டு தரம் சொன்னார். மூன்றாம் தரம் சொல்லவில்லை, நித்திரையாகிவிட்டார். பிறகு என் மனைவி குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தாள்.

அடுத்த வருடம் நாங்கள் திரும்பியபோது காரும் திரும்பியது. பாதை திறந்த காலங்களில் பழைய கார்களைத் தேடித் தெற்கிலிருந்து ஆட்கள் வந்தார்கள். போர் முடிந்தபின் ஒருநாள் வந்த ஒருவர் அடிச்சட்டத்தில் வெட்டியிருந்த இலக்கத்தைத் துடைத்துப் பார்த்தார். "இது ஒறிஜினலா?" என்று கேட்டார். அண்ணைக்கு அப்போது கண் பார்வை குறைந்திருந்தது. "இலக்கம் ஒறிஜினல் தம்பி. மிச்சம் நாங்கள் செய்தது" என்றார். வந்தவர் சிரித்துக்கொண்டு, தகடு என்ன தகடு என்று விசாரித்தார். பீப்பா என்றதும் விலையைப் பாதியாக்கினார். அண்ணை கொடுக்கவில்லை.

இப்போது அவர் இல்லை. கார் மகளின் வீட்டுக் கொட்டிலில் நிற்கிறது. சென்ற மாரியில் போனபோது பேரன் அதைக் கிளப்பிக் காட்டினான். பெற்றோலில்தான், புகை இல்லை. ஒரு சுற்றுப் போய்வருவோமா என்றான். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கூரை இன்னும் போடவில்லையா என்று கேட்டேன். அவன் இருக்கைக்குப் பின்னால் கையை விட்டு ஒரு குடையை எடுத்து என்னிடம் தந்தான்.