சோறு இருந்தும் பட்டினி

(தாராவியில் நடந்த சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாம் பசிக்குப் பயந்து ஊரைவிட்டு வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். திருநெல்வேலியிலிருந்து ரயிலேறி வந்தவர் முதலில் தேடியது வேலை. அந்த வேலையில் தேடியது சோறு. ஆகவே தட்டில் சோறு இருந்தும் ஒரு பிள்ளை பட்டினி கிடந்தால் நமக்குப் புரிவதில்லை. 'கொழுப்பு', 'பிடிவாதம்' என்ற சொற்கள் உடனே வந்துவிடுகின்றன. அது கொழுப்பும் அல்ல, பிடிவாதமும் அல்ல; நோய். கொரோனா காலத்தில் அந்த நோய் எப்படிப் பெருகியது என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

யாருக்கு வரும்?

மருத்துவர்கள் இதை உண்ணுதல் கோளாறு என்கிறார்கள். எடை கூடிவிடுமோ என்ற அச்சத்தில் உணவைக் குறைத்துக்கொண்டே போவது அனோரெக்சியா. அளவுமீறித் தின்றுவிட்டு வாந்தியெடுத்தோ பேதி மருந்து சாப்பிட்டோ வெளியேற்றுவது புலிமியா. பெரும்பாலும் பருவ வயதில் தொடங்கும். பெண்களுக்கு அதிகம், ஆண் பிள்ளைகளுக்கும் உண்டு. முற்றினால் உயிரையே வாங்கும்.

பணக்கார வீட்டு நோய் என்பார்கள். தவறு. அடுத்த வேளைக்கு நிச்சயமில்லாத வீட்டிலும் இது வரும். 1944-45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில், ஆரோக்கியமான 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைவயிற்றில் வைத்து ஆராய்ந்தார்கள். அவர்கள் நினைப்பெல்லாம் சாப்பாடாகவே ஆயிற்று. எரிச்சல் வந்தது, மனம் சோர்ந்தது. பட்டினி உடலோடு மனத்தையும் கெடுக்கும். கெட்ட மனம் பட்டினியை மேலும் நீட்டும். இந்தச் சுழலை அதட்டி உடைக்க முடியாது.

கொரோனா செய்தது என்ன?

2020 மார்ச் 25 முதல் நாடு பூட்டப்பட்டது. மும்பையில் எட்டாம் வகுப்பிலும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கே 2021 அக்டோபர் 4-இல்தான் பள்ளி திறந்தது. ஒன்றரை ஆண்டு! தோழிகள் இல்லை, விளையாட்டு இல்லை, சாப்பாட்டு மணி இல்லை. கையில் இருந்தது வீட்டுக்கு ஒரு கைப்பேசி. பாடமும் அதில்தான், 'பத்தே நாளில் இடுப்பு குறைய' என்ற படமும் அதில்தான். எதுவும் தன் கையில் இல்லை என்று ஆனபோது, தன் தட்டையாவது தன் ஆட்சியில் வைத்துக்கொள்ளப் பார்த்த பிள்ளைகள் உண்டு.

பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர். யார் எவ்வளவு சாப்பிடுகிறார் என்பது எல்லோர் கண்ணிலும் படும். அப்பாவுக்குக் கூலி இல்லை. "எனக்குப் பசியில்லை, தம்பிக்குக் கொடுங்கள்" என்று பெண் பிள்ளை ஒதுங்கினால் வீடு அதைத் தியாகம் என்று மெச்சும். அந்தத் தியாகத்துக்குள் நோய் ஒளிந்துகொள்ளும்.

கனடாவில் ஆறு குழந்தை மருத்துவமனைகளின் கணக்கு இது. மாதத்துக்குச் சராசரி 24.5 ஆக இருந்த புதிய அனோரெக்சியா நோயாளிகள், தொற்றின் முதல் அலையில் 40.6 ஆனார்கள். இந்நோய்க்காக உள்நோயாளியாகச் சேர்ந்தவர்கள் 7.5-இலிருந்து 20 ஆனார்கள். இங்கே தாராவியில் வீடு வீடாக வந்து காய்ச்சல் பார்த்தார்கள். ஆக்சிஜன் அளவு பார்த்தார்கள். நல்ல பணிதான். பிள்ளை சாப்பிடுகிறதா என்று கேட்க அதில் இடம் இல்லை.

முன்பே சிகிச்சையில் இருந்தவர்கள் நிலை இன்னும் மோசம். மருத்துவமனைகள் கொரோனாவுக்கே திணறின. மார்ச்சில் நின்ற புறநகர் ரயில் ஜூன் 15-இல் ஓடத் தொடங்கியது, அத்தியாவசிய ஊழியர்களுக்காக. ரயில்வே ஊழியர்களான நாங்கள் அதில் ஏறினோம். சிகிச்சைக்குப் போகவேண்டிய பிள்ளை நடைமேடைக்கே வர முடியவில்லை.

செய்ய வேண்டியவை

2023 மே 5-இல் உலக சுகாதார நிறுவனம் அவசரநிலையை முடித்துக்கொண்டது. நோய் அன்றோடு முடியவில்லை. நாடு பூட்டப்பட்டபோது பன்னிரண்டு வயதாக இருந்த பிள்ளை இன்று கல்லூரிக்கோ வேலைக்கோ போகும் வயதில் இருக்கிறது.

தாய்மார்களே, அடையாளங்களைக் கவனியுங்கள். "சாப்பிட்டாச்சு" என்று தினமும் தட்டிக்கழிப்பது, சாப்பிட்டவுடன் கழிப்பறைக்கு ஓடுவது, மாதவிலக்கு நின்றுபோவது, மயக்கம், முடி கொட்டுவது. உடம்பைப் பற்றிய கேலியை வீட்டுக்குள் விடாதீர்கள், "இப்படி இருந்தால் எவன் கட்டுவான்?" என்பதும் கேலிதான். பல நாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று அள்ளிக் கொடுப்பதும் ஆபத்து. மருத்துவர் சொல்படி கூட்டுங்கள். பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சாப்பிடவைப்பதே பருவப் பிள்ளைகளுக்கான சிகிச்சையில் முக்கியப் பங்கு. நோய்க்கு நீங்கள் காரணம் அல்ல. மருந்தில் நீங்களும் ஒரு பாதி.

சயான், கே.இ.எம். மாநகராட்சி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற அரசு எண்ணில் கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம்.

சங்கத்தின் கடமையும் உண்டு. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் அரசு மனநல சிகிச்சையை உரிமையாக்கியது. நிரந்தரத் தொழிலாளியின் பிள்ளைக்கு ரயில்வே மருத்துவமனை இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளியின் பிள்ளை எங்கே போகும்? மாநகராட்சி மருந்தகங்களில் மனநல ஆலோசகர் வேண்டும். தமிழ் பேசுபவராகவும் வேண்டும். ரேஷன் அரிசிக்குக் குரல் கொடுத்த நாம் இதற்கும் குரல் கொடுப்போம். அரிசி வீடு வந்தால் போதாது, தோழர்களே. அது பிள்ளையின் வயிற்றுக்கும் போய்ச்சேர வேண்டும்.