சோர்ந்த உள்ளமும் வாழ்வின் பொருளும்



பதின்மூன்று வயதுப் பிள்ளை பேச்சையும் விளையாட்டையும் வெறுத்து, உறக்கமின்றி ஒதுங்கினால், "சோம்பேறி" என்று ஏசிவிடுகிறோம். சாதி சுட்டிய ஒரு சொல்லும் அவ்வுள்ளத்தை முறித்திருக்கலாம். இரண்டு வாரம் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாகலாம். அதற்கு மருத்துவம் உண்டு. 14416 என்னும் தொலைபேசி எண்ணில் இலவச ஆலோசனையும் உண்டு.

மேல்நாட்டில் கற்றுத் திரும்பிய அண்ணல் அம்பேத்கர், 1917-இல் பரோடாவில் சாதியின் பெயரால் விடுதியினின்று வெளியேற்றப்பட்டு, பூங்காவில் பெற்றோரை நினைந்து துயருற்று அமர்ந்திருந்தார். துயருறுதல் இழுக்கன்று. 1924-இல் ஒடுக்கப்பட்டோர் நலனுக்கெனச் சபை நிறுவித் தம் வாழ்வுக்குப் பொருள் கண்டார்.

ஆகவே பிள்ளைகளை ஏசாது, அவர்கள் சொல்வதைக் கேட்போம். தேறிவரும் பிள்ளையிடம் சிறுவன் ஒருவனுக்கு எழுத்தறிவிக்கும் பணியை ஒப்படைப்போம். தாம் பிறருக்கு வேண்டியவர் என உணர்வோர் வாழ்வை வெறார்.

பிள்ளைகளே, துயரை மறைக்காதீர். கேட்க நாங்கள் இருக்கிறோம்.