வாவியின் இரு கரைகளும் ஒரு கமெராவும்

மட்டக்களப்பு வாவிக்குக் கரைகள் இரண்டு. கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிய மணற்றிடராகக் கிடக்கும் கீழ்க்கரை எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் குளமும் காடுமாக விரிந்து செல்லும் கரை படுவான்கரை. ஞாயிறு எழுகின்ற பக்கம் ஒன்று. படுகின்ற பக்கம் மற்றொன்று. இப்பெயர்களை இட்ட முன்னோர் கமெராவைக் கண்டவரல்லர். எனினும், நிழற்படம் பிடிக்க வருவோருக்குரிய முதற் பாடத்தை இரண்டே சொற்களில் அவர்கள் சொல்லிவிட்டனர். ஒளி எப்பக்கம் நின்று வருகின்றது என்று அறியாதவர் எத்துணை விலையுயர்ந்த கருவியை ஏந்தினும் பயனில்லை. இங்கே கரையின் பெயரைக் கேட்ட மாத்திரத்திலேயே அது விளங்கிவிடும்.

விடுமுறை நாள்களில் நண்பர் நால்வர் ஐவர் ஒரு மோட்டார் வண்டியிற் கூடி இப்பக்கம் வருவதுண்டு. ஒருவர் வண்டியை ஓட்டுவார், ஒருவர் வழி சொல்லுவார், பெரும்பாலும் பிழையாகவே சொல்லுவார், ஒருவர் பசியென்பார். கமெரா வைத்திருப்பவரோ காணும் இடமெல்லாம் வண்டியை நிறுத்தச் சொல்லுவார். ஏனையோர் பொறுமை இழக்கும்போது அவர் கண்ணாடிக் கதவை இறக்கி, ஓடும் வண்டியிலிருந்தே படம் பிடிக்கத் தொடங்குவார். அவ்வாறு பிடித்த படங்களில் மின்கம்பமும், வேலியும், கலங்கிய பசுமையுமே எஞ்சும். வாவி அவற்றில் அகப்படுவதில்லை. ஆதலால், பத்து இடங்களில் ஓடிப் பார்ப்பதிலும் இரண்டு இடங்களில் இறங்கி நிற்பது நன்று. நண்பர்களுக்கு அதனைப் புறப்படுமுன்னரே சொல்லி வைப்பது இன்னும் நன்று.

வைகறையிற் கல்லடியிலிருந்து தொடங்கலாம். அங்குள்ள பழைய இரும்புப் பாலம் 1924ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. தேசாதிபதி மானிங்கின் மனைவியார் பெயரைத் தாங்கியது. 2013இல் அதன் அருகே புதிய பாலம் எழுந்தது. பாடும் மீன்களின் ஒலி கேட்பதாகப் புகழ்பெற்ற இடமும் இதுவே. நிலவு காயும் இரவில், தோணியின் துடுப்பை நீரில் ஊன்றி அதன் மறுமுனையிற் செவியை வைத்துக் கேட்பது இவ்வூரார் வழக்கம். யேசு சபைத் துறவியாகிய லாங் அடிகளாரின் முயற்சியால் அவ்வொலி இலங்கை வானொலியிலும் ஒலித்தது. கமெரா பிடிக்க முடியாத ஒன்றை வானொலி பிடித்தது என்று நேயர்கள் சற்றுப் பெருமை கொள்ளலாம்.

வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பதனால், காலை ஒளி அதன் குறுக்கே சாய்ந்து விழுகின்றது. எழுவான்கரையில் நின்று மேற்கே நோக்கினால் ஞாயிறு முதுகுப்புறத்தில் இருக்கும். வலை வீசுபவரின் முகமும், தோணியின் நிறமும், எதிர்க்கரைத் தென்னைகளும் தெளிவாகத் தோன்றும். அக்காட்சியையே அவ்வேளையிற் படுவான்கரையில் நின்று நோக்கினால், நீர் முழுவதும் வெள்ளித் தகடாகி, வலைஞர் கரிய உருவமாக அதன்மேல் நிற்பார். முன்னையது மனிதரைக் காட்டும். பின்னையது கோலத்தைக் காட்டும். அழகுப் போட்டிகளிற் பரிசு பெறுவது பெரும்பாலும் பின்னையதே. பத்து மணிக்குப் பின்னரோ எக்கரையில் நின்றும் பெரும்பயன் இல்லை. ஏப்பிரல் முற்பகுதியிலும் செப்ரெம்பர் தொடக்கத்திலும் நண்பகல் ஞாயிறு இப்பகுதியில் நேர் உச்சிக்கு வந்துவிடுகின்றது. மனிதனின் நிழல் அவன் காலடியிலேயே ஒடுங்கிவிடும். நிலத்தின் மேடு பள்ளம் படத்திற் புலப்படாது. அது சோற்றுக்கும், எருமைத் தயிருக்கும், மரநிழலில் உறக்கத்திற்கும் உரிய வேளை.

காத்தான்குடியையும் ஆரையம்பதியையும் கடந்தால் மண்முனைத் துறை வரும். முன்னாளில் அங்கே வாவியைக் கடக்க, ‘பாதை’ என்று ஊரார் வழங்கும் மிதவையே துணை. வண்டியும், மாட்டுக்குத் தீனும், பள்ளிப் பிள்ளைகளும், நோயாளியும் அதன் முறைக்காகக் காத்து நிற்பர். 2014இல் யப்பான் நாட்டின் உதவியுடன் கட்டப்பெற்ற பாலம் திறக்கப்பட்டபோது அக்காத்திருப்பு ஒழிந்தது. மிதவை போய்விட்டதே, நல்ல படம் ஒன்று போய்விட்டதே என்று வருந்தும் கலைஞர் சிலர் உளர். பேறுகாலத்தில் அம்மிதவைக்காகக் காத்திருந்த பெண்ணை அவர்கள் கேட்டுப் பார்த்தல் வேண்டும்.

பாலத்தின் அப்பால் மகிழடித்தீவு. அதனை அடுத்துத் தான்தோன்றீசுவரர் கோயில் கொண்ட கொக்கட்டிச்சோலை. காட்சி அமைதியானது. ஆயினும், 1987இலும் 1991இலும் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்ட மண் இது. 2007ஆம் ஆண்டு வரை இக்கரையிற் போர் நீடித்தது. அக்காலத்திற் கமெராவுடன் வருபவரை எவரும் நண்பராக எண்ணியதில்லை. இன்றும் முன்பின் அறியாதவர் கருவியை உயர்த்தும்போது முதிய பெண் ஒருவர் முகத்தை மறைத்துக்கொண்டால், அதனை வெறும் நாணம் என்று கொள்வது பேதைமை. முதலில் வணக்கம் சொல்லி, எந்த ஊர், எதற்காக வந்தோம் என்று கூறி, இசைவு கேட்டல் வேண்டும். இல்லையென்றால் கமெராவைத் தாழ்த்திவிடல் வேண்டும்.

வயல்வெளியை இங்கே வட்டை என்பர். மழையை நம்பி விதைத்த பெரும்போகப் பயிர் தை மாதத்திற் பச்சையாய் நிற்கும். மாசி, பங்குனியிற் பொன்னிறமாகும். பசுமையைப் படமாக்க மூட்டமான வானமே உகந்தது. கதிர் விளைந்த வட்டைக்கு மாலை வெயில் உகந்தது. அறுவடைக் காலத்தில் வருவோர் வேறொரு சோதனைக்கு உள்ளாகின்றனர். வட்டையில் நிற்பது இயந்திரம். அவர்கள் தேடுவதோ அரிவாள். ஓட்டுநரைச் சற்று ஒதுங்கச் சொல்லி, போடியார் வீட்டிலிருந்து பழைய அரிவாள் ஒன்றை வருவித்து, ஒருவர் கையிற் கொடுத்து நிறுத்திப் படம் எடுப்போரும் உண்டு. அப்படம் அழகாயிருக்கலாம், ஆனால் அது பொய்ச்சாட்சி. இயந்திரத்தின் பின்னே கொக்குக் கூட்டம் இறங்குவதை நோக்கப் பொறுமை இருந்தால், உண்மையான படமே அழகாகவும் அமையும்.

இலங்கையில் எடுக்கப்பட்ட பழைய படங்களுட் சில இங்கு நினைக்கத்தக்கவை. ஆங்கில நாட்டின் பெயர்பெற்ற நிழற்படக் கலைஞரான யூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே காலமானார். களுத்துறைப் பக்கத்துச் சாதாரண மக்கள் சிலரை அவர் படம் பிடித்தார். அப்படங்கள் மேனாட்டுக் காட்சிச்சாலைகளிற் பேணப்படுகின்றன. படம் எடுத்தவர் பெயரை உலகம் அறியும். படத்தில் இருப்போர் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை. 1944இல் மறைந்த லயனல் வென்ற், இந்நாட்டு மக்களையும் நிலத்தையும் அரிய படங்களாக்கினார். அவர் மறைவின் பின் மூலச் சுருள்கள் அழிந்தன. தாளிற் பதித்தவையே எஞ்சின.

அழிவு என்பது மட்டக்களப்பாருக்குக் கலைஞர் ஒருவரின் சுருளோடு நிற்கவில்லை. 1978 நவம்பர்ச் சூறாவளியிற் கூரைகள் பறந்தன, தென்னந்தோப்புகள் வீழ்ந்தன. பின்னர் போரில் மக்கள் மீண்டும் மீண்டும் ஊர்விட்டு ஓடினர். 2004 டிசெம்பர் 26ஆம் நாள் நாவலடி முதலிய கடற்கரைக் குடியிருப்புகளை ஆழிப்பேரலை துடைத்துச் சென்றது. ஓடுகின்றவர் குழந்தையைத் தூக்குவார். படத்தொகுப்பை யார் தூக்குவார்? ஆதலால் மாண்ட தாயின், மணக்கோலத்து மகளின் படமொன்றுதானும் இல்லாத வீடுகள் இக்கரைகளில் உள்ளன. அத்தகைய வீட்டின் முற்றத்தில் ஒரு நண்பர் குழு எடுத்துச்செல்லும் படம், அவர்களுக்கு ஒரு நாள் உல்லாசம். வீட்டாருக்கோ அது வேறு பொருள்.

இதனை உணர்ந்த சிலர் மேற்கொள்ளும் வழக்கம் ஒன்று உண்டு. எடுத்த படங்களைக் கைத்தொலைபேசியிற் காட்டிவிட்டுப் போவதோடு நில்லாமல், தாளிற் பதிப்பித்துத் தபாலில் அனுப்புகின்றனர். பின்புறத்தில் ஊர், மாதம், ஆண்டு, இருப்போர் பெயர் ஆகியவற்றைத் தமிழில் எழுதுகின்றனர். அதற்கு முகவரி வேண்டும். முகவரிக்குப் பேச்சு வேண்டும். பேச்சுக்கு வண்டியை விட்டு இறங்கித் திண்ணையிற் சற்று அமர வேண்டும். பசியென்ற நண்பர் அங்கே பயன்படுவார். தயிர்ச் சட்டியின் விலையை அவர் பேசி முடிப்பதற்குள் பெயர்களும் உறவுமுறைகளும் குறிப்பேட்டில் ஏறிவிடும்.

திரும்புகையிற் பட்டிருப்புப் பாலத்தின் வழியாகக் களுவாஞ்சிகுடிக்கு வரலாம். மாலையில் பாலத்தருகே இறங்கி நின்றால் ஞாயிறு படுவான்கரைக்குப் பின்னே இறங்குவது தெரியும். அந்தி இங்கே நெடுநேரம் நிற்பதில்லை. அந்த ஒளியிற் பிடிக்கத்தக்கது ஒரு படமோ இரண்டு படமோதான். அதற்குள் தோணிக்காரர் ஒருவர் கரைசேர்ந்து, தம்மையும் ஒன்று எடுக்குமாறு கேட்பார். இரண்டாவது படத்தை அவருக்கென்று வைத்திருப்பது நன்று.